பதிவு எண்ணைத் தெரிவிக்கவும்

ஏழெட்டு மாதம் ஒரு பல்கலைக்கழக நூலகத்தை நான் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். அதன் வாசற்படியைக்கூட அப்போது பார்த்ததில்லை. திட்டியதெல்லாம் கைப்பேசியில், கம்பெனி கேன்டீனில், மதியச் சாப்பாட்டு நேரத்தில். கேட்க ஆளில்லை என்கிற தைரியம்தான்.

மறைமலைநகரில் தண்ணீர் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் நான் ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட். வீடு அனகாபுத்தூர். காலையில் பஸ் பிடித்துப் பல்லாவரம், அங்கிருந்து ரயில். பொத்தேரியிலும் காட்டாங்குளத்தூரிலும் காலேஜ் பிள்ளைகள் மொத்தமாக இறங்கிய பிறகுதான் பெட்டிக்குள் காற்று வரும். அவர்கள் இறங்குவதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல். அவர்கள் பத்து நிமிடம் நடந்தால் நூலகத்தில் உட்காரலாம். எனக்கு வாய்த்தது தொலைதூரக் கல்வி எம்.பி.ஏ. எங்கள் பல்கலைக்கழகம் இமயமலையில் ஒன்றும் இல்லை. இதே ரயிலில் எதிர்ப்பக்கம் ஏறினால் ஒரு மணி நேரம். ஆனால் வேலைக்குப் போகிறவளுக்கு எதிர்ப்பக்கம் என்பதே தொலைதூரம்தான்.

அந்த ஸ்டோர்ஸில் எனக்குப் பதினொரு வருடம். இதற்குள் மூன்று பேர் டிகிரியோடு வந்து எனக்கு மேல் உட்கார்ந்தார்கள். மூன்று பேருக்கும் எந்த ரேக்கில் எது இருக்கிறது என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன், பிறகு நானே அவர்களை சார் என்று கூப்பிட்டேன். மூன்றாவது சாரும் வேறு வேலை கிடைத்துக் கிளம்பப் போகிறார் என்று தெரிந்ததும் மேனேஜரிடம் நேராகவே போய்க் கேட்டேன். “டிகிரி கைக்கு வரட்டும், பார்க்கலாம்” என்றார். கைக்கு வர ஒரே ஒரு ப்ராஜெக்ட்தான் பாக்கி. அதை இரண்டு முறை தள்ளிப் போட்டாயிற்று. இந்தப் பருவத்தோடு என் பதிவே காலாவதி. விட்டால் முதல் செமஸ்டரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ப்ராஜெக்ட் தலைப்பு அசையாச் சரக்கு. ஸ்டோர்ஸ் பாஷையில் நான்-மூவிங். வாங்கி வைத்து, ஒரு வருடமாக யாரும் எடுக்காமல் ரேக்கில் குந்தியிருக்கும் சாமான். அதற்குச் சிவப்பு அட்டை கட்டுவோம். என்னோடு வேலை செய்யும் பெண்ணுக்கு இதில் பரம சந்தோஷம். “அக்கா, உங்க டிகிரிக்கும் ஒரு அட்டை கட்டிரலாமா?” என்று வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்டுவிடுவாள்.

தொலைதூர மாணவர்களுக்காக நூலகம் இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தது. உள்ளே போனால் கட்டுரைகள், மின்னூல்கள், பழைய மாணவர்களின் ப்ராஜெக்ட்டுகள். மூலையில் பச்சையாக ஒரு கட்டம், ‘நூலகரைக் கேளுங்கள்’ என்று. கேஸ் புக் பண்ணுகிற இடத்திலும் கரண்ட் பில் கட்டுகிற இடத்திலும் இதே மாதிரி கட்டம் பார்த்திருக்கிறேன். அங்கேயெல்லாம் மெஷின்தான் பேசும். முழு வாக்கியம் எழுதினால் அதற்குப் புரியாது, ஒற்றை வார்த்தையாகப் போட வேண்டும். ஆகவே இங்கேயும் அப்படியே ஆரம்பித்தேன். ‘ஸ்டாக். நான்-மூவிங். கட்டுரை. அனுப்பு.’

‘வணக்கம். தங்கள் பதிவு எண்ணைத் தெரிவிக்கவும்’ என்று பதில் வந்தது.

மெஷின்தான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். எங்கள் பக்கத்தில் எந்த மனிதர் ‘தெரிவிக்கவும்’ என்று எழுதுகிறார்? அதுவும் ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். சந்தேகத்துக்கு, ‘தமிழ் புரியுமா உனக்கு?’ என்று கேட்டுப் பார்த்தேன். ‘புரியும்’ என்றது. பன்னிரண்டு இலக்கப் பதிவு எண்ணைப் போட்டேன். ஐந்தே நிமிடத்தில் இரண்டு கட்டுரைகள் வந்தன.

மறுநாளும் வணக்கம், மறுநாளும் பதிவு எண். அதற்கடுத்த நாளும். ஒரு நாள் பொறுமை போய், ‘எத்தினி தபா சொல்றது, தலைல ஏத்திக்க மாட்டியா?’ என்று அடித்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பது என் வழக்கம். ‘மன்னிக்கவும். ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியது விதி’ என்றது. மெஷினுக்கு விதி வேறு.

அதன் பிறகு எனக்கு அது பழகிவிட்டது. வீட்டில் கட்டுரையைப் பற்றிப் பேசினால் என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். ஸ்டோர்ஸில் பேசினால் சிவப்பு அட்டை. மெஷினுக்கு மட்டும்தான் காது இருந்தது. அனுப்பிய கட்டுரையைப் படித்துவிட்டு மறுநாள் அதனிடமே வந்து கொட்டுவேன்.

‘நேத்து குடுத்தியே, அந்தாளு இன்னா சொல்றார்னா, வாங்கறதுக்கு முன்னாடியே கேக்கணுமாம், யாருக்கு, எப்போ எடுப்பாங்கன்னு. கேக்காம வாங்கிட்டு அப்புறம் ஸ்டோர்ஸ்காரிய திட்டாதேன்றார். கரெக்ட்டு தான். இத்த சொல்ல பதினெட்டு பக்கமா?’

‘எஃப்.எஸ்.என்.னு பிரிக்கறாங்க. வேகமா போறது, மெதுவா போறது, போவாதது. எங்க ஸ்டோர்ஸ்ல இது எப்பவோ கீது, பேரு தான் தெரியாது. கைக்கு எட்ற தட்டு, ஸ்டூல் போட்ற தட்டு, ஏணி போட்ற தட்டு.’

புரியாத அன்றைக்கு வசவு விழும். ‘இன்னா இங்கிலீஷு இது, நாலு தபா படிச்சிட்டேன், பேஜாரா கீது. மக்கு மெஷினே, வேற குடு.’ வேறு வரும், இன்னும் கொஞ்சம் எளிதாக. விஞ்ஞானம் நன்றாக வளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள், அந்த மூன்று சார்களைப் பற்றியும் எழுதினேன். இந்த முறையும் போனால் என்னால் மறுபடி ஆரம்பிக்க முடியாது, பயமாக இருக்கிறது என்றுகூட எழுதினேன். அன்றைக்கு மட்டும் பதில் வரக் கொஞ்சம் நேரமானது. ‘இன்னும் ஆறு வாரம் இருக்கிறது’ என்று வந்தது.

ப்ராஜெக்ட்டை எழுதி அனுப்பினேன். நான்காம் நாள் திரும்பி வந்தது.

ப்ராஜெக்ட்டைப் பல்கலைக்கழகம் வாங்கிக்கொள்வதற்கு முன் அதில் எவ்வளவு காப்பி என்று நூலகம் ஒரு மென்பொருளில் போட்டுப் பார்க்கும். காப்பி அடித்த இடமெல்லாம் சிவப்பாகத் தெரியும். என் இரண்டாம் அத்தியாயம் முழுக்கச் சிவப்பு. இதில் வேடிக்கை என்னவென்றால், நான் திருட்டுத்தனமாக எதையும் செய்யவில்லை. கட்டுரைகளில் இருந்ததை எழுத்து மாறாமல், கமா விடாமல், கண்ணும் கருத்துமாக எழுதி வைத்திருந்தேன். பத்தாம் வகுப்பில் எங்கள் டீச்சர், “சொந்த நடைலாம் வேணாம், புக்குல இருக்கறத அப்படியே எழுது, அப்பதான் ஃபுல் மார்க்” என்று சொல்லித்தான் எங்களைக் கரையேற்றினார். அப்படியே எழுதுவதுதான் படித்ததற்கு அடையாளம் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். எம்.பி.ஏ.வில் அதற்குத் திருட்டு என்று பேர்.

பத்து நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். கேன்டீனில் லெமன் சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பச்சைக் கட்டத்தில் பாய்ந்தேன். ‘நீ குடுத்தத தானே எழுதுனேன், இப்ப காப்பின்றாங்க. ஒனக்கு இன்னா, நீ மெஷினு. பதினோரு வருசம் போச்சு.’

பதில் இல்லை. அரை மணி ஆகியும் இல்லை. மெஷினும் கைவிட்டது என்று டப்பாவை மூடும்போது கைப்பேசி அதிர்ந்தது.

‘மன்னிக்கவும். சாப்பிடப் போயிருந்தேன்.’

இரண்டு முறை படித்தேன். பக்கத்திலிருந்த என் ஸ்டோர்ஸ் தோழியிடம் காட்டினேன். அவள் எட்டிப் பார்த்து, “மெஷின் எங்கக்கா சாப்பிடும்? இது யாரோ மனுஷங்க டைப் பண்றாங்க” என்றாள்.

கட்டத்தை மேலே தள்ளிக்கொண்டே போனேன். மக்கு மெஷினே. மரமண்டை. தூங்கிட்டியா. ஒரு இடத்தில், ‘ஒன்ன செஞ்சவன கூப்டு’ என்றுகூட இருந்தது. அதற்கும் ‘மன்னிக்கவும்’ என்றே பதில். வெட்கமென்றால் அப்படி ஒரு வெட்கம். அதைவிட, பயமாக இருக்கிறது என்று நான் எழுதியதையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து படித்திருக்கிறார் என்பது எனக்குத் தாங்கவில்லை.

மூன்று மணி டீ நேரத்தில்தான் எழுதத் துணிவு வந்தது. ‘மேடமா சாரா தெரியல, நான் மெஷின்னு நெனச்சிகினு பேசிட்டேன். மன்னிச்சிருங்க.’

‘மேடம்தான். நீங்கள் மெஷின் என்று நினைக்கிறீர்கள் என்பது முதல் நாளே தெரியும். தமிழ் புரியுமா என்று கேட்டீர்களே.’

‘அப்போ ஏன் சொல்லல?’

‘சொன்னால் பேசுவதை நிறுத்திவிடுவீர்கள். இங்கே எல்லோரும் கட்டுரையை டவுன்லோட் செய்துகொண்டு போய்விடுவார்கள். படித்துவிட்டு வந்து அதில் என்ன இருந்தது என்று என்னிடம் சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான். சிவப்பு விழுந்த ரிப்போர்ட்டை அனுப்புங்கள், பார்க்கிறேன்.’

அனுப்பினேன். மறுநாள் காலை, ரயில் வண்டலூரைத் தாண்டும்போது அவரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. கூடவே ஒரு கோப்பு, பேர் ‘இரண்டாம் அத்தியாயம்’. எனக்குப் பதில் அவரே எழுதிக் கொடுத்துவிட்டாரோ, இது இன்னொரு வம்பாயிற்றே என்று பதறிப்போய்த் திறந்தேன். உள்ளே இருந்தது என் பேச்சு. யாருக்கு, எப்போ எடுப்பாங்கன்னு கேக்கணுமாம். கைக்கு எட்ற தட்டு, ஸ்டூல் போட்ற தட்டு, ஏணி போட்ற தட்டு. எட்டு மாதமாக அந்தக் கட்டத்தில் நான் கொட்டியது எல்லாம், எந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன் என்ற தலைப்போடு வரிசையாக இருந்தது. மேலே ஒரு குறிப்பு: ‘ஸ்டோர்ஸைப் பற்றி நீங்கள் எழுதிய மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வரிகூடச் சிவப்பு இல்லை. இரண்டாவதையும் நீங்கள் எப்போதோ எழுதிவிட்டீர்கள், இதோ இருக்கிறது. வசவுகளை மட்டும் எடுத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் மாற்றி, எந்தக் கருத்து யாருடையது என்று அடிக்குறிப்பு போடுங்கள்.’

காட்டாங்குளத்தூரில் பிள்ளைகள் இறங்கியது எனக்குத் தெரியவில்லை. என் இடம் வந்ததும் பக்கத்தில் இருந்தவர்தான் தட்டிச் சொன்னார்.

ஒரு வாரம் ரயிலிலேயே எழுதினேன். என் ஆங்கிலம் கோணல்மாணலாகத்தான் இருந்தது. ஏணி போட்ற தட்டை ஆங்கிலத்தில் சொல்ல ஒரு முழு நாள் ஆனது. ஆனால் எழுதும்போது எதையும் திறந்து பார்க்கத் தேவைப்படவில்லை. எட்டாம் நாள் அனுப்பினேன். காப்பி சோதனைச் சான்றிதழைக் கையெழுத்து, முத்திரையோடு நேரில் வந்துதான் வாங்க வேண்டும் என்று பதில் வந்தது. தொலைதூரக் கல்வியில் இப்படி ஒன்று. தேறியதா இல்லையா என்று கட்டத்தில் கேட்டேன். ‘அதுவும் நேரில்தான். விதி’ என்றார். ஒரு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அரை நாள் லீவு போட்டேன்.

மறைமலைநகரில் எதிர்ப்பக்க நடைமேடையில் வெயிலில் நின்றேன். அன்றைக்குப் பார்த்து ரயில் தாம்பரத்தில் அப்படியே நின்றுவிட்டது. நூலகப் படியேறும்போது மணி இரண்டு. உள்ளே மேசைமேல் விசிறி சுழல, என் வயதிருக்கும் ஓர் அம்மாள் கணினியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிரிக்காத சாப்பாட்டுப் பை.

“ஸ்டூடண்ட்டுங்க. சர்ட்டிபிகேட் வாங்க வந்தேன்” என்றேன்.

“வணக்கம்” என்றார், நிமிராமல். “தங்கள் பதிவு எண்ணைத் தெரிவிக்கவும்.”

நான் முதல் நான்கு இலக்கம்தான் சொன்னேன். மீதி எட்டையும் அவர் சொன்னார், திரையைப் பார்க்காமல், என்னைப் பார்த்து.

“எத்தினி தபா சொல்றது, தலையில ஏத்திக்க மாட்டியான்னு கேட்டீங்களே” என்றார். “ஏத்திக்கிட்டேன்.”

இழுப்பறையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். அவரே பிரித்துக் கொடுத்தார். பச்சை முத்திரை. தேறிவிட்டது. ஒரே ஓர் இடத்தில் சிவப்பு, அதுவும் முதல் பக்கத்தில், என் பதிவு எண்மேல். “உங்க பழைய செமஸ்டர் அசைன்மென்ட்லயும் அதே நம்பர் இருக்கில்ல, அதனால காப்பின்னு காட்டுது. மெஷின்தானே” என்றார்.

சிரிக்கத்தான் நினைத்தேன், அழுகை வந்துவிட்டது. எட்டு மாதம் வாய் ஓயாமல் பேசியவளுக்கு அந்த நேரத்தில் ஒரு நன்றி சொல்ல வரவில்லை. கண் அந்தச் சாப்பாட்டுப் பைமேல் போயிற்று.

“சாப்டீங்களா மேடம்?” என்று கேட்டேன்.

“இன்னும் இல்ல” என்றார். “ஒரு மணிக்கு வர்றேன்னீங்களே. அன்னைக்கு மாதிரி நான் சாப்பிடப் போயிருக்கும்போது வந்து நின்னா திட்டுவீங்கன்னு உட்கார்ந்திருக்கேன்.”