புகைக்குடிலில் வைத்த நத்தைக் கோதுகள்

1. முதல் வாளி

நான் இவரைக் கட்டிச் சண்டிலிப்பாய்க்கு வாழ வந்து மூன்றாம் மாதம் மழை பிடித்தது. அச்சுவேலியில் என் தகப்பனும் தோட்டக்காரர்தான். அங்கே எனக்குத் தந்த வேலை புல்லுப் பிடுங்குவதும் வெங்காயம் காயவைப்பதும். இங்கே மாமி முதல் வேலையாக ஒரு வாளியைக் கையில் தந்தார்.

“பிள்ளை, உதுக்குள்ளை உப்புத்தண்ணி கிடக்கு. நாற்றுமேடையிலை நத்தை ஏறியிருக்கும். வெயில் வர முதல் பொறுக்கிப் போடு. ஒண்டை விட்டாலும் பத்துப் புகையிலைக் கண்டு போயிடும்.”

குனிந்து பொறுக்கினேன். அரை வாளி சேர்ந்தது. கடைசியாக ஒன்று கையில் வந்தது. பால் வெள்ளை. குட்டிச் சங்கு மாதிரிச் சுற்றிச் சுற்றி ஏறியிருந்தது. அதை உப்புத்தண்ணிக்குள் போட மனம் வரவில்லை. மடியில் முடிந்துகொண்டேன். பிறகு மறந்தும் போனேன்.

மத்தியானம் இவருக்குச் சோறு போடும்போது இடுப்பில் குளிர்ச்சியாக ஏதோ ஊர்ந்தது. கத்திவிட்டேன். அகப்பை போய் முற்றத்தில் விழுந்தது.

“என்ன பிள்ளை, பாம்போ?” என்று மாமி ஓடி வந்தார்.

“இல்லை மாமி. நத்தை.”

“வாளிக்குள்ளை போடு எண்டால் இடுப்பிலை கட்டிக்கொண்டு திரியிறாய்!”

இவர் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தார். இன்றைக்கும் அந்தக் கதையைச் சொன்னால் இவருக்கு விக்கல் வரும். நான் நத்தைக் கோது, அதன் வெறும் ஓடு, சேர்க்கத் தொடங்கியது அந்த நாளில்தான்.

2. மணம்

தோட்டத்தில் நத்தை பொறுக்குவது என் வேலை. வடிவான கோதை எடுத்து வைப்பது என் ஆசை. இரண்டுக்கும் ஒரே வாளி போதும் என்பதால் யாரும் தடுக்கவில்லை. தடை மணத்தால்தான் வந்தது.

நாரத்தை முள்ளால் எவ்வளவு தோண்டினாலும் நத்தையின் நுனிச் சதை உள்ளே நின்றுவிடும். வீட்டுக்குள் வைத்தால் எலி செத்த மணம். மாட்டுக்கொட்டிலில் தொங்கவிட்டேன். எறும்பு வந்தது. ஒவ்வொரு மழைக்கும் மணமும் திரும்ப வந்தது.

“ஒண்டில் உது, இல்லாட்டி நான்,” என்றார் மாமி.

அப்போதுதான் எனக்குப் புகைக்குடில் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்துப் புகையிலையை வெட்டி, வாடவைத்து, கிடுகால் அடைத்த ஒரு குடிலில் கட்டித் தூக்கி, கீழே தேங்காய்ப் பொச்சுமட்டை போட்டுப் புகைப்பார்கள். நெருப்பு எரியக்கூடாது, புகை மட்டும்தான் வரவேண்டும். அது இவருடைய வேலை. அந்தக் குடிலுக்குள் எறும்பும் இல்லை, வண்டும் இல்லை, கரப்பானும் இல்லை. மூச்சுள்ள எதுவும் அங்கே நிற்காது. கோதுகளை ஒரு பனையோலைப் பெட்டியில் போட்டு, புகையிலைக்குப் பக்கத்தில் தூக்கிவிட்டேன்.

புகை முடிந்து இறக்கியபோது மணம் போயிருந்தது. ஆனால் வெள்ளைக் கோதெல்லாம் தேன் நிறமாகிவிட்டது. அது எனக்கு இன்னும் வடிவாகத் தெரிந்தது. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் செய்தேன்.

கோது எங்கே எடுத்தது என்பது மறந்துபோகும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு எழுதினேன். கொப்பித் தாளைக் கிழித்து, பென்சிலால் எழுதி, சுருட்டு மாதிரிச் சுருட்டிக் கோதின் வாய்க்குள் செருகிவிடுவேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தேதி எனக்கு மனதில் நிற்காது. கோயிலும் தோட்டமும்தான் என் கலண்டர். ‘கிணற்றடி வாழை. விளக்கீட்டுக்கு அடுத்தநாள். விடிய மழை.’ ‘வெங்காயத் தறை, தெற்கு வரம்பு. திருவெம்பா ஐந்தாம் நாள். பனி.’ இப்படித்தான் எழுதுவேன். வருடத்துக்கு ஒரு தகரப் பிஸ்கற் பேணி. மூடியில் பஞ்சாங்கத்தைப் பார்த்து வருடத்தின் பெயர்.

3. மூடியும் போட்டுவிட்டுப் போனார்கள்

சண்டையால் ஊரைவிட்டு எல்லோரும் போகவேண்டி வந்தபோது சைக்கிளில் ஏற்றியது கொஞ்சச் சாமான்தான். தென்மராட்சியில் ஒரு வீட்டு மாமரத்தடியில் மூட்டையை அவிழ்த்தபோது உள்ளே இரண்டு பேணி இருந்தது. இவர் பார்த்தார்.

“சட்டி பானையை விட்டிட்டு நத்தைக் கோதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாய். சோத்தோடை கரைச்சுக் குடிக்கிறதோ?”

அடுத்த நாள் விடிய அந்த வீட்டு வேலியில் எங்கள் ஊரில் இல்லாத ஒரு நத்தையைக் கண்டு எடுத்தேன். அதற்கும் துண்டு எழுதினேன்.

திரும்பி வந்தபோது வீட்டுக்கு ஓடு இல்லை, கதவு இல்லை, தண்ணி இறைக்கிற மெசின் இல்லை. புகைக்குடில் விழுந்து கிடந்தது. கிடுகைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே விட்டுப்போன மற்றப் பேணிகள் அப்படியே இருந்தன. யாரோ ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, நத்தைக் கோது என்று கண்டு, திரும்ப மூடியும் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அதன் பிறகு நாங்கள் புகையிலை வைக்கவில்லை. வெங்காயமும் பீற்றூட்டும்தான். குடிலைத் திரும்பக் கட்டவும் இல்லை. புதிய கோதுகளை அவித்து வெயிலில் காயவைத்தேன். அவை வெள்ளையாகவே இருந்தன. இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

4. தேன் நிற நத்தை

சில வருடங்களுக்கு முன் ஊருக்குள் பெரிய நத்தை வந்தது. உள்ளங்கை அளவு. ஒரே கிழமையில் எங்கள் பீற்றூட்டை மொட்டையாக்கியது. விவசாயப் போதனாசிரியர் பார்க்க வந்தார். இளம்பிள்ளை, நல்லாக் கதைப்பார்.

“எப்ப வந்தது அம்மா உது?”

பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. பேணியைத் திறந்து துண்டைக் காட்டினேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். அடுத்த கிழமை கம்பஸில் படிப்பிக்கும் ஒரு மிஸ்ஸைக் கூட்டி வந்தார். மிஸ் படிப்பிப்பது பூச்சிகளைப் பற்றி. நத்தைக்குத் தான் புதிது என்று அவவே சொன்னா. ஆனால் பார்த்த பார்வையில் பசி இருந்தது. எல்லாப் பேணியையும் வரிசையாக நிலத்தில் வைத்துப் பார்த்தா. பிறகு எழும்பி நின்றா.

“அம்மா, இது பெரிய விசயம். பழைய பேணியள் முழுக்கத் தேன் நிறம். பிறகு வந்த பேணியளிலை அது ஒண்டுகூட இல்லை. முந்தி உங்கடை தோட்டத்திலை ஒரு தேன் நிற வகை இருந்து அழிஞ்சு போயிருக்கு!”

“மருந்தடிச்சு அழிச்சுப்போட்டம் மிஸ்,” என்றார் போதனாசிரியர், தானே அடித்த மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு.

“இதை இன்னும் ஒருத்தரும் எழுதேல்லை. நான் எழுதப்போறன். உங்கடை பேரையும் போடுவன் அம்மா. சம்மதமோ?”

குடில், புகை, பொச்சுமட்டை எல்லாம் என் தொண்டை வரை வந்தது. வெளியே வந்தது “ஓம்” மட்டும்.

எனக்கு மூன்றாவது ஆளுக்கு முன்னால் வாய் திறக்க வராது. கோயிலில் பூசைக்குப் பேர் நட்சத்திரம் சொல்லவே இவரைத்தான் பிடித்துத் தள்ளுவேன். ஒரு ஓம் சொல்லிவிட்டேன். அது என்னென்ன செய்தது என்று பாருங்கள். போதனாசிரியர் வாசிகசாலையில் கூட்டம் வைத்தார். மிஸ் பேசப் போகிறா, எனக்குப் பொன்னாடை என்றும் சொல்லிவிட்டார். இவர் சந்திக்குப் போய் ஒரு கடை விடாமல் சொல்லிவிட்டு வந்தார்.

அன்று பின்னேரம் தேத்தண்ணி கொடுக்கும்போது சொன்னேன்.

“இஞ்சாருங்கோ. அது வகையுமில்லை, ஒண்டுமில்லை. அது உங்கடை புகை.”

இவர் கோப்பையை வைத்தார். “என்ரை புகையோ?”

“ஓம். குடிலுக்கை தூக்கினது.”

“அப்பிடியெண்டால் அதுக்கு என்ரை பேரையல்லோ வைக்கவேணும்?”

“பகிடி விடாதையுங்கோ. அந்தப் பிள்ளை பிழையாய் எழுதப்போகுது.”

“சொல்லாதை. நான் சந்தி முழுக்கச் சொல்லிப்போட்டன். இனி எந்த முகத்தோடை போறது? பிழையெண்டு ஆருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். சொன்னால் இவருக்கும் போதனாசிரியருக்கும் ஊர் முன்னால் தலையிறக்கம். சொல்லாவிட்டால் இல்லாத நத்தை என் பெயரோடு புத்தகத்தில் ஏறும். பிறகு ஒருநாள் யாரோ கெட்டிக்காரன் கண்டுபிடிப்பான். அடி விழுவது அந்தப் பிள்ளையின் தலையில். போய்ச் சொல்லவேண்டும் என்று தெரியும். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

விடிய வெள்ளைக் கோது ஒன்றை எடுத்தேன். மெழுகுதிரியை உருக்கி, கோதின் பாதியைத் தோய்த்தேன். மெழுகு மூடிய பக்கம் புகை பிடிக்காது. மற்றப் பாதி வெறுமையாக இருந்தது. அதை ஒரு நூலில் கட்டி அடுப்புக்கு மேலே தூக்கினேன். இவர் பார்த்தும் பாராத மாதிரிப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு கடகம் பொச்சுமட்டையைக் கொண்டு வந்து அடுப்படியில் கொட்டினார்.

“விறகுப் புகை சரிவராது. தண்ணி தெளிச்சு வை. காஞ்ச மட்டை எரியும், புகையாது,” என்றார். நாலு நாளும் அந்தப் புகையைப் பார்த்தது அவர்தான். கண் எரிய எரிய இருந்து பார்த்தார். ஐந்தாம் நாள் கோதை இறக்கி மெழுகைச் சுரண்டி எடுத்தேன்.

5. வாசிகசாலை

கூட்டத்துக்கு முப்பது பேர் வந்திருப்பார்கள். எல்லோரும் தோட்டக்காரர். என்னை முன்வாங்கில் இருத்தினார்கள். போதனாசிரியர் பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மிஸ் பேச எழும்பினா.

நான் எழும்பினேன். எப்படி எழும்பினேன் என்று இன்றைக்கும் தெரியாது. போய் மிஸ்ஸின் கையில் அந்தக் கோதை வைத்தேன். ஒரு பக்கம் பால் வெள்ளை, மறு பக்கம் தேன். நடுவில் கோடு இழுத்த மாதிரி.

மிஸ் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பிறகு மூக்குக்குக் கிட்டப் பிடித்தா.

“அம்மா, இது புகை மணக்குதே?”

“ஓம் பிள்ளை,” என்றேன். “பழசெல்லாம் புகையிலைக் குடிலுக்கை தூக்கினது. மணம் போறதுக்கு.”

பின் வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. “அப்ப சுருட்டுக் குடிச்ச நத்தையெண்டு சொல்லுங்கோவன்!” கூரை அதிரச் சிரித்தார்கள். எனக்கு நிலம் பிளந்தால் நல்லது என்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் மிஸ்ஸும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கிறா.

“நல்லகாலம் அம்மா. வாற கிழமை எழுதி அனுப்ப இருந்தனான். என்ரை மானத்தைக் காப்பாத்திப்போட்டியள்.”

பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, பேணிக்குள் இருந்த முதலாவது பெரிய நத்தையின் துண்டை எடுத்து எல்லோருக்கும் வாசித்தா. ‘மேற்கு வேலி. பங்குனித் திங்கள் இரண்டாம் கிழமை. வெளியிலிருந்து வந்த வாழைக்கன்றுச் சாக்குக்கு அடியில் ஒன்று.’

அதே சாக்கில் கன்று வாங்கிய நாலு பேர் கூட்டத்தில் இருந்தார்கள். நாலு பேரும் கை தூக்கினார்கள். நாலு பேரின் தோட்டத்திலும் அதன் பிறகு வந்த முதல் மழைக்குத்தான் நத்தை ஏறியது. நத்தை எதனோடு ஊருக்குள் வந்தது என்பது அந்த வாங்கிலேயே முடிவானது. இப்போது எங்கள் பக்கத்தில் வெளியிலிருந்து கன்று வந்தால் இறக்க முதல் சாக்கை உதறி, வேரைக் கழுவிப் பார்க்கிறார்கள். மிஸ் எழுதினது அதைத்தான்.

போதனாசிரியர் பொன்னாடையை என்ன செய்வது என்று தெரியாமல் முழித்தார். இவர்தான் எழும்பினார்.

“தம்பி, கொண்டு வந்ததைத் திருப்பிக் கொண்டு போறது சரியில்லை. நத்தைக்கில்லாட்டிலும் புகைக்குப் போடும்.”

போட்டார். அந்தப் பொன்னாடை இப்போது பேணிகளுக்கு மேல் தூசு படாமல் கிடக்கிறது.

தோட்டத்தில் கண்டதைப் பொறுக்கி வைக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். எடுத்த இடத்தையும் எடுத்த நாளையும் எழுதினால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். போதாது. எடுத்த பிறகு நீங்கள் அதற்கு என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதவேண்டும். கழுவியது, அவித்தது, புகைத்தது, கீழே போட்டு உடைத்தது, எல்லாம்.

பழைய பேணிகளை எல்லாம் திறந்து, ஒவ்வொரு துண்டிலும் கடைசியில் இன்னொரு வரி எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலில் எழுதி முடித்தது அந்தப் பாதி வெள்ளைக் கோதுக்கு:

‘எங்கள் அடுப்பு. வாசிகசாலைக் கூட்டத்துக்கு முந்தின நாலு நாள். பொச்சுமட்டைப் புகை. தூக்கியது நான். புகைத்தது இவர்.’