படகில் இரண்டு பேருக்கான அறை

படகுப் பயணத்துக்கு மகள் ஏற்பாடு செய்தபோது நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "ரூம் எவ்வளவு பெருசுட்டி?" என்பதுதான்.

கொல்லத்தில் ஏறி, காயல் வழியாகவும் ஆற்று வழியாகவும் இரண்டு ராத்திரி படகிலேயே தங்கிப் போகிற பயணம். அப்பா ஓய்வு பெற்ற பிறகு எங்கேயும் போகவில்லையே என்று அவளுக்குக் குறை. பெங்களூரில் இருந்தபடியே எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போனில் சொன்னாள்.

"ரெண்டு பேருக்கு வேண்டியது இருக்கும்மா. கட்டில், பாத்ரூம், ஒரு ஜன்னல்."

"ரெண்டு ரூமாப் போட முடியாதா?"

அவள் சிரித்தாள். "புருசன் பொண்டாட்டிக்கு எதுக்கும்மா ரெண்டு ரூமு?"

"உங்கப்பா குறட்டைய ஒரு நாள் வந்து கேட்டுட்டு அப்புறம் பேசு" என்றேன். அவர் பக்கத்தில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பினார்.

தென்காசியில், குற்றாலம் போகிற சாலையை ஒட்டி எங்கள் வீடு. கீழும் மாடியுமாக இடம் தாராளம். அவர் போலீஸில் இருந்தவர். ஆலங்குளம், திருவேங்கடம் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக மாற்றலாகிப் போய்க்கொண்டிருந்தார். நான் செங்கோட்டையில் டீச்சர். வாரத்தில் ஒரு நாள் சேர்ந்திருந்தால் அதிகம். ஓய்வு பெற்று அவர் முழுசாக வீட்டுக்கு வந்தபோது எனக்கு மூச்சு முட்டியது. டிவியை அலறவிடுவார். படுத்த உடனே குறட்டை. சில வருஷங்களுக்கு முன்னால் என் கட்டிலை மாடிக்கு ஏற்றிவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் பார்த்துக்கொள்வோம். எங்களுக்குள் சண்டையே கிடையாது என்று தெரிந்தவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

படகு அறையைத் திறந்து பார்த்ததும் எனக்கு முகம் மாறிவிட்டது. சுவருக்குச் சுவர் கட்டில். கதவு பாதிதான் திறந்தது, மீதிக்குக் கட்டில் இடித்தது. ஒருவர் பாத்ரூம் போக வேண்டுமென்றால் மற்றவர் கட்டிலில் ஏறி உட்கார்ந்து வழிவிட வேண்டும். சின்னப் பை போதும் என்று மகள் சொல்லியிருந்தாள். நான் சேலைகளை அடுக்கிப் பெரிய டிராலிப் பெட்டியாகக் கொண்டுவந்திருந்தேன். கட்டிலுக்கு அடியில் அது போகவில்லை. நடக்கிற இடத்திலேயே நிறுத்தினோம்.

"இதுல எப்படிங்க ரெண்டு பேரு இருக்க?" என்றேன்.

"லாக்கப்ப விடப் பெருசுதான் இருக்கு" என்றார் அவர்.

நான் சிரிக்கவில்லை. நேராகச் சமையல்காரரிடம் போய் வேறு அறை கேட்டேன். படகில் எங்களைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். "அடுத்த முறியில உள்ளவங்க நாளைக்குக் காலையில இறங்குவாங்க சேச்சி. அப்புறம் சாரை அங்க படுக்கச் சொல்லலாம்" என்றார். அந்த அறை காலியானால் போதும் என்றிருந்தது எனக்கு. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு என் தூக்கம் கெடக் கூடாதென்று சுவரைப் பார்த்து ஒருக்களித்தே படுத்தார்.

காலையில் அவர் குளித்துவிட்டு வந்தார். நான் கட்டில்மேல் காலை மடக்கி உட்கார்ந்து வழிவிட்டேன். பெட்டிக்கும் கட்டிலுக்கும் நடுவே பக்கவாட்டில் நகர்ந்து, சட்டையை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். அவர் நடந்துபோன பலகைத் தரையில் சிவப்பாகத் தடம் தடமாக இருந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை.

"ஏங்க, கால்ல என்ன?"

"என்ன?"

"ரத்தம்ங்க! காலப் பாருங்க!"

குனிந்து பார்த்தார். சுண்டு விரலுக்குக் கீழே நன்றாகக் கிழிந்திருந்தது. என் பெட்டியின் சக்கரத்துக்கு மேலே இருந்த தகரம் கிழித்திருக்கிறது. அவர் முகத்தில் வலி இல்லை. மாட்டிக்கொண்டவர் முகம் மாதிரி இருந்தது.

நான் அவரை இழுத்து உட்காரவைத்து, துண்டை வைத்து அமுக்கினேன். அந்தக் காலைக் கையில் பிடித்தது எத்தனை காலம் கழித்தோ தெரியவில்லை. உள்ளங்காலில் ஆறிய காயங்களும் ஒரு தீப்புண் தழும்பும் இருந்தன.

"இது என்ன?"

"மாடசாமி கோவில்ல... வெயில்ல தரை சுட்டிருக்கு. தெரியல."

"வலிக்கலியா உங்களுக்கு?"

"ஒண்ணுமே தெரியலட்டி. பஞ்சு மேல நடக்க மாதிரி இருக்கு."

"எப்ப இருந்து?"

"போன சாரலுக்கு முன்னாடியே."

போன சாரல் சீசனில் சொந்தக்காரர்களோடு குற்றாலம் போனோம். அருவிக்கு வர மாட்டேன் என்று எல்லார் துண்டையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு காரிலேயே இருந்தார். "போலீஸ்காரருக்குத் தண்ணியக் கண்டா பயம்" என்று நான் ஊருக்குக் கேட்கச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். வழுக்குப் பாறையில் கால் எங்கே நிற்கிறதென்று தெரியாதவர் எப்படி இறங்குவார்? ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குள் வந்து நிற்பார். இன்னொன்று கழன்று விழுந்தது தெரியாது. அதற்கும் கேலி செய்திருக்கிறேன். மாடிக்கு அவர் ஏறுவதே இல்லை. நான் மேலே போய்விட்ட கோபம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"ஏங்க எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ மேல இருந்த" என்றார். "படியில கால எங்க வைக்கேன்னு தெரிய மாட்டேங்குது. அதுக்குன்னு உன்ன கூப்பிட்டு இறக்கணுமா? நிம்மதியா இருக்கன்னு விட்டுட்டேன்."

அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

கொஞ்ச நேரத்தில் சமையல்காரர் கதவைத் தட்டினார். "சேச்சி, அடுத்த முறி ஒழிஞ்சாச்சு."

"வேண்டாம். கட்டுப் போட ஏதாவது இருந்தா குடுங்க. அடுத்த கரையில எங்கள இறக்கி விட்டுருங்க."

"பிள்ள ஆசையா ஏற்பாடு பண்ணுனது" என்றார் கட்டிலில் இருந்த அவர். பெட்டியைக் கட்டில்மேல் தூக்கிப் போட்டு மூட ஆரம்பித்தேன்.

தென்காசியில் டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தில் இங்கும் அங்கும் தொட்டார். தொடும்போது சொல்லுங்கள் என்றார். அவர் காத்துக்கொண்டே இருந்தார். டாக்டரம்மா தொட்டுக்கொண்டே இருந்தார். அவர் வாயே திறக்கவில்லை.

"சுகர் நரம்பத் தின்னிருக்கு. தினமும் பாதத்தப் பாக்கணும், பாத்திருந்தா இவ்வளவு வந்திருக்காது. வீட்ல யாரும் பாக்கலியாம்மா?"

"நான் மாடியில இருந்தேன்" என்றேன். டாக்டரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, எழுதப் போய்விட்டார்.

காயம் ஆற அந்தச் சாரல் முழுவதும் ஆயிற்று. விரல் தப்பியது. என் கட்டிலைக் கீழே இறக்கி அவர் கட்டிலை ஒட்டிப் போட்டேன். தினமும் காலையில் அவர் பாதத்தை மடியில் வைத்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். "விடுட்டி, கூச்சமா இருக்கு" என்பார். உணர்ச்சியில்லாத காலில் என்ன கூச்சம் என்று கேட்க வாய்வரைக்கும் வந்து அடங்கும்.

ஆனால் நான் ஒன்றும் மாறிவிடவில்லை. குறட்டை இப்போதும் குறட்டைதான். சில நாள் அவர் தூங்கும்போது அந்த முகத்தைப் பார்த்தாலே எரிச்சல் வரும். போன வாரம் பகலில் பொறுக்க முடியாமல் மாடிக்குப் போய், வெறும் தரையில் பாயை விரித்துப் படுத்துவிட்டேன். எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொன்னால் வெட்கக்கேடு.

இறங்கி வந்தபோது அவர் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். சவரக் கண்ணாடியைத் தரையில் வைத்து, அதற்கு மேலே பாதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னங்க பண்ணுதிய?"

"ஒண்ணுமில்ல. நீ போய்ப் படு. நானே பாத்துக்கிடுதேன்."