குங்குமம் வைத்த கட்டுரை

போன மார்கழி மாதம், இலங்கை மலைநாட்டில் லுணுகலைக்கு மேலே, எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் நடந்தது இது. அன்று வெள்ளிக்கிழமை. நான் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, சாமிக்கு விளக்கேற்ற உள்ளே போனேன். மனைவி கொழுந்து எடுக்கப் போயிருந்தாள். லீவுக்கு வந்திருந்த மகள் கீழ்க்கடைக்குப் போயிருந்தாள்.

மகள் ஆசிரியை வேலைக்குப் படிக்கிறாள். ஒப்படை என்று ஒரு நீளமான கட்டுரையை அவள் திங்கட்கிழமை கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அந்தப் பாடத்துக்காக இன்னொரு வருசம் காத்திருக்க வேண்டுமாம்.

உள்ளே பார்த்தால் தரை முழுக்கத் துண்டுக் காகிதங்கள். நாற்பது ஐம்பது இருக்கும். எல்லாவற்றிலும் எழுத்து. எனக்கு மனசு பதறிவிட்டது. எழுத்துள்ள காகிதத்தில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவன் நான். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக சரஸ்வதி தரையில் கிடக்கலாமா? ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். பெரியது அடியில், சின்னது மேலே என்று அழகாக அடுக்கினேன். சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினேன். பிள்ளை நல்லா எழுதணும் தாயே என்று கும்பிட்டபோது மனசு நிறைந்துவிட்டது.

மகள் வந்தாள். வெறும் தரையைப் பார்த்தாள்.

“அப்பா, இங்க கெடந்த பேப்பரெல்லாம் எங்க?”

“சாமிகிட்ட இருக்கும்மா. யாராச்சும் மிதிச்சிருவாங்கன்னு எடுத்து அடுக்கி வச்சேன்.”

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “மூணு நாளா யோசிச்சு யோசிச்சு நேத்து ராத்திரிதான் வரிசையா வச்சேன்ப்பா. அந்த வரிசைதான் என் கட்டுரையே.”

“ஒரு நம்பர் போட்டிருக்கக்கூடாதா?”

“நம்பர் போட்டா எடம் மாத்த மனசு வராதுப்பா. எல்லாம் சரியா வந்த பொறகுதான் போடணும்.”

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கண் நிறைந்து நின்றது. “நான் என்னாம்மா செய்யட்டும்?” என்றேன். “ஒவ்வொண்ணா வாசிங்க. எங்க வைக்கணும்னு சொல்றேன்” என்றாள்.

ஆனால் மறுபடியும் தரையில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. துவைத்து வைத்திருந்த வேட்டியை எடுத்து விரித்தேன். அப்போதுதான் பிள்ளை சிரித்தாள்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். வேட்டியின் தலைமாட்டில் கேள்வியை வைத்தாள். தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் பாதியில் பள்ளிக்கூடத்தை விடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. நீல எழுத்தெல்லாம் புத்தகத்தில் படித்தது. கீழே புத்தகத்தின் பேரும் பக்கமும் இருந்தது. பச்சை எழுத்து, ஆட்கள் வாயால் சொன்னது. சிவப்பு, அவளுடைய சொந்த யோசனை. ஒரே விசயத்தைச் சொல்லும் நீலமும் பச்சையும் ஒரு கூட்டமாகச் சேர்ந்ததும், அதன் தலையில் ஒரு சிவப்புத் துண்டை வைப்பாள். கேள்விக்குப் பதில் சொல்லாத துண்டை ஒதுக்கிவிடுவாள்.

“இது எவ்வளவு அழகா எழுதியிருக்க, பாவம்மா” என்று ஒன்றுக்காகக் கெஞ்சினேன்.

“அழகா இருந்தா போதாதுப்பா. கேட்டதுக்கு பதில் சொல்லணும்.”

மத்தியானம் மனைவி வந்தாள். குங்குமத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. “சும்மா விட்டா ஒங்கப்பா அரிசி மூட்டைக்கும் பொட்டு வச்சிருவாரு” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அதற்குப் பிறகு ஒரு பச்சைத் துண்டு கைக்கு வந்தது. “தொழிற்சாலைத் தொழிலாளி, ஆண். பள்ளிக்கூடம் போக ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. மழை நாளில் காயாது. வாரத்தில் இரண்டு நாள் போகவில்லை. போகாத நாள் பாடம் விளங்கவில்லை. வெட்கப்பட்டு நின்றுவிட்டார். படிப்பு பிடிக்காமல் நிற்கவில்லை.”

பாதியிலேயே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எப்போதோ போனில் சிரித்துச் சிரித்து நான் சொன்ன கதை அது.

“இது நான்தானே?”

“ஆமாப்பா. எழுதிக்கட்டுமான்னு அன்னைக்கே கேட்டேன், சரின்னீங்க.”

“பேரைக் காணோமே?”

“பேரு போடக்கூடாதுப்பா. நம்பி சொன்னவங்கள ஊருக்குக் காட்டிக் குடுக்கக்கூடாது.”

“சரி, இத எங்க வைக்கிறது?”

அவள் அந்தத் துண்டைக் கையில் வாங்கினாள். “முன்னாடி கடைசியில வச்சிருந்தேன். இப்ப நீங்க வாசிக்கிறதக் கேட்டா இதுதான் முதல்ல வரணும்னு தோணுது. மத்ததெல்லாம் இதுக்குப் பின்னால வரட்டும்” என்று சொல்லிக் கேள்விக்கு நேர் கீழே வைத்தாள்.

எல்லாத் துண்டும் இடத்துக்கு வந்த பிறகுதான் ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டாள். இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் எழுதி முடித்து, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினாள். திங்கட்கிழமை கொடுத்தும்விட்டாள். பிறகு தேறியும்விட்டாள். இப்போது லீவுக்கு வந்தால், அவள் கேட்கும் முன்னமே நான் வேட்டியை விரித்து வைத்துவிட்டுச் சுற்றித்தான் நடக்கிறேன்.

காயாத அந்த ஒரு சட்டையை நினைத்து இத்தனை வருசமாக எனக்குள்ளே ஒரு வெட்கம் இருந்தது; அதை என் பிள்ளை ஒரு பெரிய கேள்விக்கு முதல் பதிலாக எடுத்து வைத்த நாளிலிருந்து, விளக்கேற்றும்போதெல்லாம் அந்த வெட்கத்தை உள்ளே தேடிப் பார்க்கிறேன், கடவுள் புண்ணியத்தில் அது அங்கே இல்லை.