பன்னிரண்டு ஃபோன், இரண்டு பேர்

பதுளையில் நான் படித்த கணினி டிப்ளோமாவின் கடைசி வேலை, ஒரு கைபேசிச் செயலியைச் செய்து, அதை எல்லோரும் தரவிறக்கக்கூடிய செயலிக் கடையில் வெளியிட்டுக் காட்டுவது. நேர்முகப் பரீட்சை நாளன்று செயலி கடையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருடம் புதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து திரும்பவும் செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான் ஒருத்திதான். "புள்ள முடிச்சிருச்சு" என்று அம்மா கொழுந்து பறிக்கும் மலையில் ஏற்கனவே எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார். முடிக்காமல் இருக்க எனக்கு வழியே இல்லை.

நான் செய்த செயலிக்குப் பெயர் 'பஸ் வருது'. பூனாகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பண்டாரவளைக்கு பஸ் உண்டு, ஆனால் அதற்கு நேரம் கிடையாது. ரோட்டுக்கு இறங்க, எங்கள் வரிசை வீடுகளான லயத்திலிருந்து கால் மணித்தியாலம். இறங்கி நின்றால் பஸ் வராது. வீட்டில் தேத்தண்ணி ஊற்றினால் வரும். மேல் வளைவில் வீடுள்ள யாராவது பஸ்ஸைக் கண்டதும் ஒரு பொத்தானை அழுத்தினால், கீழே எல்லோருடைய ஃபோனிலும் ஹார்ன் அடிக்கும். அவ்வளவுதான் செயலி. அதில் எனக்கு நிறையப் பெருமை. இப்போதும் உண்டு.

திட்டத்தைச் சொல்லப் போன அன்று, நிறுவனத்தின் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். அவர் கணினி படிப்பிப்பவர் அல்ல; ஆனால் எல்லாப் பரீட்சையிலும் நடுக் கதிரையில் உட்காருபவர். செயலியை வெளியிடும் தளம் ஒரு நிபந்தனை வைத்திருந்தது: புதிதாகப் பதிகிறவர்கள், முதலில் பன்னிரண்டு பேரைச் சோதனையாளர்களாகச் சேர்த்து, அவர்கள் விலகாமல் பதினாலு நாள் இருந்தால்தான் வெளியிட அனுமதி. சோதனையாளர் ஒவ்வொருவருக்கும் மெயில் கணக்கு வேண்டும்.

"தோட்டத்துல மெயில் வச்சிருக்கிற பன்னெண்டு பேரு இருப்பாங்களா?" என்றார்.

"எங்க லயத்துல எல்லாருக்கும் இருக்கு சார்" என்றேன். மெயில் இல்லாமல் அந்த ஃபோன்களில் எதையும் தரவிறக்கவே முடியாது, எல்லோரும் தரவிறக்குகிறார்கள், ஆகவே எல்லோருக்கும் மெயில் இருக்கிறது. அந்தக் கணக்கில் இன்றும் பிழை சொல்ல முடியாது.

முதல் தொல்லை பதிவிலேயே வந்தது. தளம் வீதியின் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் கேட்டது. எங்கள் லயத்துக்கு வீதி இல்லை, ஏற்றம்தான் உண்டு. எங்களுக்கு வரும் கடிதம் தோட்டத்து ஆபீசில் கிடந்து, அந்தப் பக்கம் போகிற யாரோ ஒருவரின் கையில் வரும். ஒருமுறை புல்லுக்கட்டுக்குள் இருந்து வந்தது. வீதி என்ற இடத்தில் 'கீழ்ப் பிரிவு' என்றும், வீட்டு இலக்கம் என்ற இடத்தில் 'ஏழாம் லயம், நாலாம் காம்பிரா' என்றும் எழுதினேன். அதற்கு அத்தாட்சி கேட்டார்கள். கிராம சேவகரின் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பினேன். ஆவணம் தெளிவில்லை என்று பதில் வந்தது; அவர் ரப்பர் முத்திரையைச் சரியாக முகவரியின் மேலேயே குத்தியிருந்தார். கடைசியில் வங்கிக் கடிதம் ஒன்று கைகொடுத்தது. பதிவு முடிந்தபோது பரீட்சைக்கு இருபத்துநாலு நாள் இருந்தது. பத்து நாள் கையிருப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தோட்டத்தில் தண்ணித் தாங்கிக்கு மேலே ஒரு கல் இருக்கிறது. அதன் மேல் நின்றால்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். அன்று பின்னேரமே பன்னிரண்டு பேரைக் கல்லுக்கு வரச் சொல்லி, சேரும் இணைப்பை அனுப்பினேன். எல்லோரும் அழுத்தினார்கள். பன்னிரண்டு ஃபோனிலும் செயலி வந்து உட்கார்ந்தது. அடுத்த நாள் காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னால், கங்காணி மாமா வேலை செய்கிறதா என்று பார்க்க பொத்தானை அழுத்திவிட்டார். வராத பஸ்ஸுக்கு ஒன்பது பேர் ரோட்டுக்கு ஓடினார்கள். செயலி வேலை செய்கிறது என்று எனக்கு நிம்மதி.

ஆனால் தளத்தின் பக்கத்தில், சோதனையாளர் எண்ணிக்கை என்ற இடத்தில் '2' என்று இருந்தது.

எண்ணிக்கை வர ஒரு நாள் தாமதமாகலாம் என்று உதவிப் பக்கம் சொன்னது. காத்திருந்தேன். இரண்டு. தற்காலிகக் கோப்புகளை அழித்துப் பார்க்கும்படி யாரோ ஒருவர் எங்கேயோ எழுதியிருந்தார். பன்னிரண்டு ஃபோனிலும் அழித்தேன். இரண்டு. எல்லோரும் செயலியை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டார்கள். ஃபோனை அணைத்து எழுப்பினோம். பக்கத்துக் காம்பிரா அக்கா தன் ஃபோனைக் கற்பூரம் காட்டிவிட்டே எழுப்பினார். இரண்டு. உதவிக்கு எழுதினால், என் பொறுமைக்கு நன்றி சொல்லி, நான் ஏற்கனவே படித்த பக்கத்தையே திரும்ப அனுப்பினார்கள். இப்படி ஆறு நாள் போனது.

ஏழாம் நாள் போயா, பௌர்ணமி லீவு. வேலை இல்லை. எல்லோரையும் திரும்பக் கல்லுக்குக் கூப்பிட்டு, ஒவ்வொரு ஃபோனாக வாங்கி, உள்ளே இருக்கும் மெயில் முகவரியைக் கொப்பியில் எழுத ஆரம்பித்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. முதலில் அம்மாவுடையது, அது நான் செய்து கொடுத்தது. அடுத்தது பக்கத்துக் காம்பிரா அக்காவுடையது. மூன்றாவது அவருடைய மாமியாருடையது, அதே முகவரி. ஒரே வீடு, பங்கு போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். நாலாவது கங்காணி மாமாவுடையது. அதே முகவரி. ஐந்தாவது, ஆறாவது, அதே முகவரி. அதற்குமேல் நான் எழுதவில்லை, பார்க்க மட்டும் செய்தேன்.

அம்மா ஒருவர். மிச்சத் தோட்டம் முழுக்க இன்னொருவர்.

"இந்த மெயில் யாரோடது மாமா?" என்று கேட்டேன்.

"ஃபோனோடதுதான்" என்றார் கங்காணி மாமா. "பெட்டிய ஒடைக்கும்போதே உள்ள இருந்துச்சு."

எல்லோரும் ஃபோன் வாங்கியது பண்டாரவளையில் ஒரே கடையில். எல்லோரும் நானா என்று கூப்பிடும் கடைக்காரர்தான் பெட்டியை உடைத்து, எல்லாவற்றையும் சரிப்படுத்திக் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

"நம்பரு கூட சேத்தே குடுத்தாரு புள்ள" என்றார் அக்கா, நானாவை விட்டுக் கொடுக்காமல். அவருடைய ஃபோனில் 'கோழிக் கடை', 'ஸ்கூல் வேன்', 'மச்சான் துபாய்' எல்லாம் இருந்தன. எல்லோருடைய ஃபோனிலும் இருந்தன. ஃபோன் கம்பனி கொடுக்கும் எண்கள் என்று நினைத்திருக்கிறார்கள். கங்காணி மாமா ஒருமுறை கை தவறி 'மச்சான் துபாய்'க்கு எடுத்துவிட்டாராம். நல்ல மனுசன், தீபாவளிக்கு இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள் என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைவரின் முன்னால் நான் சொன்ன பதில்தான் காதில் கேட்டது. பரீட்சைக்கு இன்னும் பதினெட்டு நாள். அதில் பதினாலு நாள் சோதனைக்கு. அனுமதி கொடுக்கத் தளம் எத்தனை நாள் எடுக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அன்றைக்கே பஸ் பிடித்துப் பண்டாரவளைக்குப் போனேன். நானா கடையில்தான் இருந்தார். கொப்பியைக் காட்டியதும் வாங்கிப் படித்தார்.

"அது என்ட மெயில் மகள்" என்றார். "ஒவ்வொருத்தருக்கும் புதுசா செய்யப் போனா, பிறந்த தேதி கேக்கும், கோட் வரும், பாஸ்வேட் மறந்துபோட்டுத் திரும்ப வருவாங்க. இது லேசு."

பிறகு கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தணித்தார். அவருடைய ஃபோனிலும் ஒரு வருடமாகத் தெரியாத எண்கள் வந்து விழுகின்றனவாம். 'சின்ன மாமி கீழ் லயம்', 'மாட்டு டாக்டர்' எல்லாம் பரவாயில்லை.

"போன மாசம் 'என் செல்லம்' எண்டு ஒரு நம்பர் வந்திச்சு. பொஞ்சாதி கண்டுட்டா. மூணு நாள் கதைக்கல்ல. யாரெண்டு கேட்டா எனக்கே தெரியா."

எனக்குத் தெரியும்; கல்லில் ஃபோன்களைப் பார்த்தபோதே கேட்டு வைத்திருந்தேன். ஆறாம் லயத்தில் புதிதாகக் கல்யாணம் முடித்தவர் போட்ட பெயர் அது. அவருடைய பெண்சாதியின் எண். நான் அதைச் சொன்னதும் நானா எழுந்தே நின்றுவிட்டார். வீட்டுக்கு ஃபோன் எடுத்து, என்னிடம் கொடுத்து, "நீ சொல்லு மகள்" என்றார். சொன்னேன். மறுமுனையிலிருந்து எந்த லயம், எந்தப் பெண் என்று கேள்வி வந்தது. பிறகு அந்தம்மா, "சரி, வெளங்கிச்சு. வீட்டுக்கு வரச் சொல்லுங்க" என்றார். நானா எனக்கு ஒரு நெக்டோ சோடா வாங்கித் தந்தார். அதோடு தன் கணக்கு சோதனையாளராக இருந்துகொண்டே இருக்கட்டும், கை வைக்கவே மாட்டேன் என்றும் சொன்னார்.

அடுத்த நாள் பின்னேரம் கல்லின் மேல் பதினொரு புதுக் கணக்குகள் பிறந்தன. கோட் வரும் ஃபோனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர், கீழே நின்று எண்களைப் பெரட்டில் பேர் கூப்பிடுவது போலக் கத்திக்கொண்டு இன்னொருவர். யாருக்கும் தெரியாத கடவுச்சொல் வேண்டும் என்றேன். கங்காணி மாமா தன்னுடையதை யோசித்து, அது சரியா என்று எல்லோரிடமும் கேட்டார். அக்காவின் மாமியார் தன்னுடைய கடவுச்சொல்லை அடுப்படிக் கலண்டரில் எழுதச் சொன்னார். சிவப்பில், தெரிகிற மாதிரி. அவர் பிறந்த தேதியை ஃபோனில் அழுத்தும்போது வருடம் நழுவி, தளம் அவரை ஏழு வயதுப் பிள்ளை என்று எடுத்துக்கொண்டு, பெற்றோரின் சம்மதம் கேட்டது. "அவங்க செத்து எத்தன வருசம், எங்க போய் கேக்குறது" என்றார் பாட்டியம்மா. திரும்பச் செய்தோம்.

அடுத்த நாள் காலை பார்த்தபோது எண்ணிக்கை '13'. அம்மா, புதியவர்கள் பதினொரு பேர், நானா. அதை அம்மாவிடம் காட்டினேன். "ஒண்ணு கூடவே இருக்கட்டும்" என்றார். பெரட்டில் ஆள் குறைந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அவர் சொன்னதுதான் சரி. ஒன்பதாம் நாள் எண்ணிக்கை '12' ஆகியிருந்தது. பக்கத்துக் காம்பிரா அக்கா, ஃபோனில் இடமில்லை என்று, தங்கை மகளின் சடங்கு வீடியோவுக்காகச் செயலியை நீக்கியிருந்தார். நீக்கியதோடு நில்லாமல், நன்றாகத் துடைக்க வேண்டுமென்று இணைப்புக்குப் போய் 'சோதனையிலிருந்து விலகு' என்பதையும் அழுத்தியிருந்தார். அவர் திரும்பச் சேர்ந்தாலும், அவருக்குப் பதினாலு நாள் முதலிலிருந்து. அதாவது, மிச்சப் பன்னிரண்டு பேரில் நானாவும் ஒருவர். அவர் விலகினால் நான் அடுத்த வருடம்.

அன்றிலிருந்து அம்மா கூடையை எடுக்குமுன் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கேட்டார்: "இருக்குதா?" உள்ளேயிருந்து "இருக்குங்க" என்று வரும். நான் நானாவுக்கு ஃபோன் எடுத்து அதையே கேட்பேன். "ஈக்கிது மகள், ஈக்கிது" என்பார்.

பதினாலாம் நாள் விண்ணப்பித்தேன். அனுமதி பரீட்சைக்கு முதல் நாள் மத்தியானம் வந்தது. கல்லின் மேல் நின்று படித்தேன். அம்மா மலையில் இருந்தார். சொல்ல வேறு வழியில்லாமல் 'பஸ் வருது' பொத்தானை அழுத்தினேன். இன்னொரு முறை ஏழு பேர் ரோட்டுக்கு ஓடினார்கள்.

பரீட்சையில் கணினி படிப்பிக்கும் மிஸ் தன் ஃபோனில் செயலியைத் தேடி, போட்டுப் பார்த்து, தலையசைத்தார். என் பெயர் கீழே இருந்தது. அதற்கும் கீழே ஏழாம் லயம், நாலாம் காம்பிரா. பிறகு நடுக் கதிரையில் இருந்த தலைவரும் தன் ஃபோனை எடுத்தார். நெற்றி சுருங்கியது. ஃபோனை என் பக்கம் திருப்பினார்.

"நான் இதுக்கு சோதனையாளர்னு போட்டிருக்கே. நான் எப்ப சேந்தேன்?"

மூலையில் இருந்த மெயில் முகவரியைப் பார்த்தேன். அதை நான் மனப்பாடமாக அறிவேன்.

"சார், ஃபோன் பண்டாரவளையிலயா வாங்கினீங்க?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல சார். உங்க ஃபோன்ல 'மச்சான் துபாய்'னு ஒரு நம்பர் இருக்குதான்னு பாருங்க."

அவர் விரலால் தள்ளிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. மிஸ் எட்டிப் பார்த்தார். தலைவர் ஃபோனை மெதுவாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் புள்ளித்தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். நான் நன்றி சொல்லிக் கதவுவரை போனபோது கூப்பிட்டார்.

"தங்கச்சி," என்றார், "அப்ப இந்த 'என் செல்லம்' யாரு?"