அடுத்த வீட்டுக் குற்றம்

நீங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் எவனோ ஒருவன் திருடினால், உங்களையும் திருடன் என்று எழுதிவைக்கலாமா? கூடாது என்று உடனே சொல்வீர்கள். பிரவீனாவைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். சொல்லிவிட்டுத் திரும்பி, திரையில் இருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்தியிருப்பாள்.

அவள் வளர்ந்தது மலேசியாவின் மாசாயில், ஒரு பிளாட்டில். அந்தப் புளோக்கில் இரண்டு வீடுகளில் கும்பல்காரர்கள் இருந்தார்கள். மற்ற வீடுகளில் எல்லாம் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு மோட்டார் சைக்கிளில் போய் வருகிறவர்கள். ஆனால் வேலைக்கு எழுதிப்போட்டால், முகவரியைப் பார்த்ததுமே ஒதுக்கினார்கள். வங்கியிலும் அதே கதி. அதனால் அங்கே ஒரு பழக்கம் இருந்தது. வேறு ஊரில் இருக்கும் உறவினரின் முகவரியைக் கடன் வாங்கி எழுதுவார்கள். பிரவீனாவுக்குக் கிடைத்தது பத்து பாகாட் என்ற ஊரில் இருக்கும் அத்தை காளியம்மாவின் முகவரி. கல்லூரி இடமும் முதல் வேலையும் அங்கேதான் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு முறையும் அத்தை போன் செய்வார்.

"உன் வீட்டுக்கு லெட்டர் வந்திருக்கு மா. வாடகை எப்ப குடுக்கப் போற?"

இப்போது அவள் ஜொகூர் பாருவில் வேலை பார்க்கிறாள். ஆபத்தான இணையதளங்களைக் கண்டுபிடித்து, வங்கிகளுக்கும் தொலைபேசி நிறுவனங்களுக்கும் சொல்லும் அலுவலகம் அது. தேடுவது ஒரு ஏஐ ஏஜென்ட், தானாகவே வேலை செய்யும் மென்பொருள். அதற்கு ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். ரிவர்ஸ் ஐபி லுக்கப் என்று பெயர். ஒவ்வோர் இணையதளமும் ஏதோ ஒரு கணினியில் குடியிருக்கிறது. அந்தக் கணினிக்கு ஓர் எண்தான் முகவரி. எண்ணைக் கொடுத்தால், அங்கே குடியிருக்கும் தளங்களைக் கருவி வரிசையாகச் சொல்லிவிடும். மோசடிக்காரன் வேறு பெயரில் நடத்தும் கடைகளைப் பிடிக்க அது நல்ல கருவிதான். ஆனால் வாடகை மலிவான கணினியில், ஒருவரையொருவர் அறியாத நூற்றுக்கணக்கானவர்கள் இடம் எடுத்திருப்பார்கள். அந்த வேறுபாட்டை ஏஜென்ட்டுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு சூதாட்டத் தளம் சிக்கினால், அந்த முகவரியில் இருப்பவை அத்தனையும் சந்தேகத்துக்குரியவை என்று திரைக்கு வந்துவிடும்.

பிறந்த தெருவை வைத்து மனிதனை எடைபோட்டதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு, சாதி. அதை எந்திரத்துக்கும் பழக்கிவிட்டு அறிவியல் என்கிறோம்.

கடைசி முடிவை ஒரு மனிதர்தான் எடுக்க வேண்டும் என்பது அலுவலக விதி. அந்த மனிதர் பிரவீனா. அவள் பச்சைப் பொத்தானை அழுத்தினால் தளம் பூட்டப்படும். சேர்ந்த புதிதில் அவள் ஒவ்வொரு தளத்தையும் திறந்து பார்த்தாள். மேற்பார்வையாளர் ஜெயபாலன் பின்னால் வந்து நின்றார்.

"என்ன மா, கடை கடையா ஏறி சாமான் வாங்குறியா? மெஷின் பாத்துருச்சு லா. நீ ஓகே மட்டும் போடு."

போட்டாள். கொஞ்ச நாளில் பெயர்களைப் படிப்பதையும் விட்டுவிட்டாள். பச்சை, பச்சை, பச்சை. கை அழுத்தியது, கண் வேறெங்கோ இருந்தது. வீட்டில் சோற்றில் உப்பில்லை என்றால்கூட அவளுக்குத் தெரியவில்லை.

தீபாவளி நெருங்கிய ஒரு மதியம் அத்தை அழைத்தார். அத்தை ரவிக்கையும் பாவாடை சட்டையும் தைத்து விற்கிறவர். அவருக்கு இணையதளம் செய்து கொடுத்ததே பிரவீனாதான். கடன் வாங்கிய முகவரிக்கு நன்றிக்கடன்.

"பிரவீ, ஆர்டரே வரல மா. கடையத் திறந்தா செவப்பா ஒரு பக்கம் வருதாம். ஆபத்து, உள்ள போகாதீங்கன்னு போட்டிருக்காம். ஒரு கஸ்டமர் கேக்குறாங்க, நீங்க சூது நடத்துறீங்களான்னு. எனக்குக் கேரம் போர்டே ஆடத் தெரியாது."

பிரவீனா தளத்தின் பெயரைத் தட்டித் தேடினாள். ஒரு சூதாட்டத் தளத்தின் அண்டை வீடாக அது சிக்கியிருந்தது. பக்கத்தில் ‘ஒப்புதல் தந்தவர்: பிரவீனா’ என்று இருந்தது. மலிவாக இருக்கிறதே என்று அந்த இடத்தை வாடகைக்குப் பிடித்தவளும் அவளேதான். அழுகை வரும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. ஏர்கண்டிஷனர் சத்தம் மட்டும் கேட்டது.

ஜெயபாலனிடம் போய்ச் சொன்னாள்.

"எடுத்துடலாம்," என்றார் அவர். "ஆனா மெஷின் மறுபடி சுத்தி வரும். ஒரு தடவ ஓகே போட்ட முகவரின்னா, நம்மள கேக்காமலே திரும்பவும் பூட்டிடும். பேசாம அத்தையோட சைட்ட வேற செர்வருக்கு மாத்திடு. கதை முடிஞ்சது."

அத்தையிடம் விளக்கினாள். பொத்தானை அழுத்தியது தான் என்பதையும் மறைக்கவில்லை. மறுமுனையில் தையல் எந்திரம் நின்றது.

"அப்ப வேற அட்ரஸ் போடணும், அவ்ளோதானே? நமக்கு இது புதுசா?" அத்தை சிரித்தார். பிறகு கேட்டார்: "அங்க நம்மள மாதிரி வேற யாரும் இருக்காங்களா?"

"நிறைய பேரு இருக்காங்க அத்தை."

"அலமாக், ஐயோ பாவம். அவங்க யாருக்குப் போன் போடுவாங்க?"

பிரவீனா அந்த முகவரியில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழே படித்தாள்.

அத்தையின் கடை வேறு முகவரிக்குக் குடிபோனது, ஆர்டர்கள் வந்தன. மறுநாள் காலை பிரவீனா அந்தப் பழைய முகவரியின் மற்ற கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பொந்தியானில் டியூஷன் நடத்தும் ஒருவர். பலகாரம் விற்கும் ஒரு மலாய்க்காரப் பெண். ஒரு பந்து விளையாட்டுக் குழு. சூதாட்டத் தளம் ஒன்றே ஒன்றுதான். மற்றவற்றின் பூட்டை எடுத்தாள். ஏஜென்ட் திரும்பப் பூட்டியது. அவள் திரும்ப எடுத்தாள். ஆத்திரப்பட்டு அல்ல, பாத்திரம் கழுவுவதுபோல.

வாரக் கடைசியில் ஜெயபாலன் கூப்பிட்டார்.

"உன் வேலை பாதியா கொறைஞ்சு போச்சு. கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாசம் மா இது."

"தெரியும் பாஸ்."

"தெரிஞ்சுமா? பத்து பாகாட்டுக்காரங்க எல்லாம் இப்படித்தான் பிடிவாதமா?"

"நான் பத்து பாகாட் இல்ல பாஸ். மாசாய்." புளோக்கின் பெயரைச் சொன்னாள். அலுவலகத்தில் அவள் அதை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் முறை. "அத எழுதியிருந்தா, என்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருப்பீங்களா?"

ஜெயபாலனுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. பாலில்லாத தே ஓ தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை.

"அந்த ஒரு முகவரிய மட்டும் மெஷின் தொடாம பண்ணச் சொல்றேன்," என்றார் கடைசியில். "ஒண்ணு மட்டும்தான். கான்ட்ராக்ட் பத்தி நான் எதுவும் சொல்ல முடியாது."

அவள் தலையசைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினாள். வெற்றி என்று எதுவும் நெஞ்சில் தட்டுப்படவில்லை. அடுத்த முகவரி திரையில் வந்து நின்றது. முதல் கதவைத் திறந்தாள்.

வங்கியிலோ, வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்திலோ, வாடகைக்கு வீடு விடும் இடத்திலோ, உங்கள் முன்னாலும் ஒரு பொத்தான் இருக்கிறது. நாளைக் காலை அதை அழுத்தும் முன், ஒரே ஒரு பெயரையாவது திறந்து, உள்ளே யார் குடியிருக்கிறார் என்று பாருங்கள்.