மசக்கையும் மழைக்கோட்டும்

மசக்கை வந்தால் ஒருத்திக்குச் சாம்பல் கேட்கும், இன்னொருத்திக்குப் புளிமாங்காய் கேட்கும். எனக்குப் புது பிளாஸ்டிக்கின் வாசனை கேட்டது. இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. புக்கிட் செலம்பாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் எங்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு. என் வீட்டுக்காரர் பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர். நான் சுங்கைப் பட்டாணியில் மழைக்கோட்டு செய்யும் பேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவிலிருந்து பிளாஸ்டிக் தாள் வழுவழுவென்று இறங்கி வரும். அதில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வெட்டி அடுக்குவது என் வேலை. வாசனை என்றால் அப்படியொரு வாசனை. இனிப்பும் எண்ணெயும் கலந்த மாதிரி தலைக்கு ஏறும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள்.

கல்யாணமாகி ஆறு வருஷம். இரண்டு முறை வாயும் வயிறுமாக இருந்தேன். இரண்டும் நான்காம் மாதத்தைத் தாண்டவில்லை. நஞ்சுக்கொடி சரியாகப் பிடிக்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒன்று பேக்டரிக்குப் போகும் முன்னால் நடந்தது, மற்றது போன பிறகு. அதனால் எதன் மேல் பழி போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. என் உடம்பின் மேலேயே போட்டுக்கொண்டேன். வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. இரண்டு முறையும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று என் துணிப்பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார், அவ்வளவுதான்.

மூன்றாவது தங்கியபோது வாந்தி என்னைப் படுத்தி எடுத்தது. அடுத்த வீட்டில் உலை கொதித்தால் நான் இங்கே எழுந்து ஓடுவேன். ஆனால் பேக்டரிக்குள் கால் வைத்து உருளை பக்கத்தில் நின்றால் போதும், வயிறு கப்பென்று அடங்கிவிடும். பசிக்கும். அங்கேயே உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வழித்துச் சாப்பிடுவேன். என்னோடு வேலை செய்த மலாய்க்காரத் தோழி இதைப் பார்த்துவிட்டு, கை கோணலாகத் தைத்துக் கழித்துப் போட்டிருந்த ஒரு மஞ்சள் மழைக்கோட்டை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கித் தந்தாள். வீட்டில் சாப்பிட உட்காரும்போது அதைத் தலையோடு போர்த்திக்கொள்வேன்.

"வெளிய வெயில் மண்டையப் பொளக்குது. எதுக்கு புள்ள மழைக்கோட்டு?" என்றார் வீட்டுக்காரர்.

"சோறு உள்ள போவுதா இல்லையா? அத மட்டும் பாருங்க," என்றேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் இருந்த காலம் அது. இப்போது மட்டும் என்ன வாழ்கிறது.

மூன்றாம் மாதம் கிளினிக்குக்குப் போனேன். அங்கே பிள்ளைப்பேறு பார்க்கும் மிஸ்ஸி மலாய்க்காரர். நர்சை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். எடை பார்த்துவிட்டு, பரவாயில்லையே, சாப்பிடுகிறாய் போலிருக்கிறதே என்றார். நான் பெருமையாக மழைக்கோட்டுக் கதையை எடுத்துவிட்டேன். சிரிப்பார் என்று பார்த்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த மிஷின் பக்கத்துல நின்னா தலை சுத்துமா?" என்று மலாயில் கேட்டார்.

"சுத்தும். ஆனா நல்லா இருக்கும்."

"உனக்குத் தலை சுத்துற வரைக்கும் ஒன்னு உள்ள போவுதுன்னா, அது உன் தலையோட நின்னுடும்னு நெனச்சியா? நஞ்சுக்கொடிய எல்லாரும் சுவருன்னு நெனச்சிக்கிறாங்க. அது சல்லடை. சோத்தையும் விடும், மருந்தையும் விடும். இன்னது கெட்டதுன்னு எல்லாத்தையும் அதால தடுக்க முடியாது. எனக்கு பிளாஸ்டிக்கப் பத்தித் தெரியாது. இந்த ஊரியப் பத்தித் தெரியும்."

மலாயில் நஞ்சுக்கொடியை ஊரி என்பார்கள். வெளியே வந்து வெள்ளை உடுப்புக்காரியை வாயில் வந்தபடி திட்டினேன். பஸ் நிறுத்தம் வரை திட்டினேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் திட்டு நின்றது. ஏற்கெனவே இரண்டு முறை பிடிக்காமல் போன கொடி. இந்த முறை பிடித்திருப்பதன் மேல் நானே தினமும் எதையோ ஊற்றிக்கொண்டிருக்கிறேனா என்று நினைத்தபோது அழுகை முட்டியது.

மிஸ்ஸி குத்துமதிப்பாகச் சொன்னது எவ்வளவு தூரம் சரி என்று எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. பிளாஸ்டிக்கை வளைந்துகொடுக்க வைக்கச் சேர்க்கும் சில ரசாயனங்கள் உடம்பின் ஹார்மோன்களைப் போலவே நடிக்குமாம். சொந்தக்காரர் குரலில் கூப்பிட்டுக் கதவைத் திறக்க வைக்கிற ஆளைப் போல. கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஹார்மோன்களைச் சுரப்பதே நஞ்சுக்கொடியின் செல்கள்தான். அங்கே போய் இவை குழப்பம் செய்யக்கூடும் என்கிறார்கள். எனக்கு எவ்வளவு போனது, போனது என்ன செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் பயம்தான்.

மறுநாளே சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். சீன அம்மா, பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுகிற கறாரான ஆள். விஷயத்தைக் கேட்டதும் என் வயிற்றையும் உருளையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அட்டைப்பொட்டி மடிக்கப் போ லா. அங்க காத்து இருக்கு," என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். மழைக்கோட்டை வீட்டுக்காரர் கோழிக்கூண்டின் கூரையில் விரித்துக் கல் வைத்தார்.

ஆனால் வயிறு யார் பேச்சைக் கேட்கிறது? பத்து நாள் ஒரு கவளம் தங்கவில்லை. பேக்டரித் தோழிகள் ஆளுக்கு ஒரு வாசனை கொண்டுவந்தார்கள். ஒருத்தி சோற்றில் மணத்துக்குப் போடும் பாண்டான் இலை, ஒருத்தி எலுமிச்சைப் புல்லின் செராய் தண்டு, ஒருத்தி தைலம், ஒருத்தி காய்ந்த நெத்திலி. நெத்திலிக்காரியை நான் மன்னிக்க நாளாயிற்று. அடுத்த முறை மிஸ்ஸி எடை பார்த்தபோது முள் இறங்கியிருந்தது. அவர் அந்த எண்ணைச் சிவப்பு மையில் எழுதினார். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

ஒருநாள் வீட்டுக்காரர் கட்டிப்பால் ஏற்றிவிட்டு நேரம் கழித்து வந்தார். மரத்துக் கோப்பையில் தானாகக் கட்டியாகிப் புளித்துப்போன பால் அது. அதன் நாற்றம் தெருமுனையிலேயே தெரியும். தோட்டத்துப் பெண்கள் புருஷன்மாரை நேராகக் குளியலறைக்கு விரட்டுவதே அதனால்தான். அன்றைக்கு அவருக்குப் பசி. குளிக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றில் கை வைத்துவிட்டார். நான் வாயைத் திறந்தது திட்டுவதற்குத்தான். மூச்சை இழுத்ததும் வயிறு அடங்கியது. தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ரசமும் சோறுமாக முழுத் தட்டையும் முடித்தேன்.

"சரி, நான் போயிக் குளிச்சிட்டு வரேன்," என்று எழுந்தார்.

"உக்காருங்க," என்றேன். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கப் போறேன்."

அதிலிருந்து பேக்டரி பஸ்ஸில் நான் வந்து இறங்கும் வரைக்கும் மனிதர் குளிக்காமல் காத்திருந்தார். மத்தியானமே வேலை முடிந்து வருகிறவர், சாயங்காலம் வரை நாற்றத்தோடு வாசலில் உட்கார்ந்திருப்பார். லைனே சிரித்தது. பக்கத்து வீட்டு அக்கா, "நான் எம் புருஷன வாசப்படி ஏற விடமாட்டேன். நீ என்னடான்னா பக்கத்துல வச்சி மோந்து பாத்துச் சாப்பிடுற," என்றார்.

அவர் தலையைச் சொறிந்தார். "ஆறு வருஷமா குளிங்க குளிங்கன்னா. இப்ப குளிச்சா கோவம் வருது. நான் என்னதான்க்கா செய்யட்டும்?"

மிஸ்ஸியிடம் சொன்னேன். இந்த முறை கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆள் மேல் ஒட்டியிருக்கிற நாற்றம்தானே, சாப்பிட்டு முடித்ததும் குளிக்கச் சொல் என்றார். நான்காம் மாதம் தாண்டியது. ஐந்து தாண்டியது. ஏழாம் மாதம் பேக்டரித் தோழிகள் சாப்பாட்டு நேரத்தில் என்னை ஓர் அட்டைப்பெட்டி மேல் உட்கார வைத்து, மூன்று இனத்துப் பெண்களும் சேர்ந்து கண்ணாடி வளையல் போட்டார்கள். சூப்பர்வைசர் அம்மா ஒரு டஜன் ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் என் கல்யாணத்தில்கூட இல்லை.

பத்தாம் மாதம் ஒரு மத்தியானம் வலி கண்டது. வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் என்னைக் கிளினிக்கில் கொண்டுவந்து சேர்த்தார். முன்பு இரண்டு போயிருந்ததால் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மிஸ்ஸி வண்டிக்குச் சொல்லியிருந்தார். என் மகள் வண்டிக்குக் காத்திருக்கவில்லை. கிளினிக் கட்டிலிலேயே வந்துவிட்டாள். வந்ததும் ஊரைக் கூட்டினாள்.

"பொம்பளப் புள்ள," என்றார் மிஸ்ஸி.

"ஊரி எப்படி இருக்கு மிஸ்ஸி?" என்றேன்.

இத்தனை வருஷத்தில் முதலில் அதைக் கேட்டவள் நீதான் என்றார். அது வந்ததும் தட்டில் வைத்துத் திருப்பி, விளிம்பெல்லாம் விரல் ஓட்டிப் பார்த்து, முழுசாக இருக்கிறது என்று என் பக்கம் சாய்த்துக் காட்டினார். ஒரு பக்கம் பச்சை ஈரல் மாதிரி. மறுபக்கம் கொடியிலிருந்து கிளை பிரிந்து நரம்புகள் ஓடின. கை நீட்டித் தொட்டேன். இன்னும் சூடாக இருந்தது. அழுதேன், மகிழ்ச்சியில்தான்.

பிறகு மிஸ்ஸி வழக்கம் போல அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து, புதைக்கக் கொடுப்பதற்காக வெளியே எடுத்துப் போனார். எங்களிலும் சரி, மலாய்க்காரர்களிலும் சரி, அதை அப்பன்தான் மண்ணில் வைக்க வேண்டும். கதவுக்கு வெளியே வீட்டுக்காரர் குரல் கேட்டது.

"பிளாஸ்டிக் வேணாங்க மிஸ்ஸி. புதுச் சட்டி வாங்கியாந்திருக்கேன். இதுல வச்சிக் குடுங்க."

பிள்ளையை ஒரு கண் பார்த்துவிட்டுப் போ என்று மிஸ்ஸி சொன்னதும் கேட்டது. பதிலுக்கு மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம்தான் வந்தது.

ஒரு மணி நேரம் கழித்து வந்து நின்றார். நகக்கண்ணெல்லாம் மண். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பெத்த புள்ளையப் பாக்காம அப்படி என்ன அவசரம் ஒங்களுக்கு?"

அவர் குழாயில் கையைக் கழுவினார். திரும்பவும் கழுவினார். இத்தனை வருஷமாக இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனிதர், துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு தடவையும் பிடிக்கல பிடிக்கலன்னு அந்தக் கொடியத்தானே மனசுக்குள்ள வைஞ்சிக்கிட்டிருந்தேன். இந்தத் தடவ கடசி வரைக்கும் விடாம பிடிச்சிருந்துச்சி. புள்ளையப் பாத்துட்டேன்னா அத மறந்துடுவேன்னு பயமா இருந்துச்சி. அதான் மொதல்ல அதக் கொண்டுபோயி படுக்க வச்சிட்டு வந்தேன்."

பிறகு இரண்டு கையையும் நீட்டினார்.

"இப்பக் குடு புள்ள."

கொடுத்தேன்.