மழையில் ஓட்டிய சுற்று

காஞ்சிபுரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முன்பு பந்தய கார் ஓட்டியவர். நரைத்த மீசை, வெயிலில் கறுத்த கழுத்து. பேருந்து திரும்பும்போதெல்லாம் அவருடைய வலது கால் தானாகப் பிரேக் அழுத்தியது.

என் கைபேசியில் ஒரு விளம்பரம் வந்தது. புதிய ஸ்போர்ட்ஸ் கார், பந்தயத் தடத்தில் ஒரு சுற்றைப் பழைய மாடலைவிட ஒன்பது வினாடி முன்னதாக முடித்ததாம். எட்டிப் பார்த்த அவர் கொதித்துப்போனார்.

"அந்தப் பழைய வண்டிய ஓட்னது நான்தாம்பா! அன்னிக்கு மழை கொட்டிக்கினு இருந்துச்சு. இத்த வெயில்ல ஓட்டிட்டு, மழையப் பத்தி ஒரு வார்த்த சொல்லல பாரு. நேத்தே பாத்துட்டேன், கேக்கத்தான் அந்தக் கார் கம்பெனி ஆபீசுக்குப் போய்க்கினு இருக்கேன்."

"மழை இல்லன்னா உங்க வண்டி ஜெயிச்சிருக்குமா சார்?"

"எங்கப்பா! அப்பவும் புதுசுதான் ஜெயிக்கும். ஜெயிக்கிற வண்டிக்கு எதுக்குப்பா பொய்யி?"

அவர் இறங்கி வேகமாக நடந்தார். அங்கே யாராவது பதில் சொன்னார்களா, தெரியவில்லை. அவர் என்னிடம் கேட்டதற்கு எனக்கு இன்றும் பதில் கிடைக்கவில்லை.